கிரினோ சாரின் பச்சைச் செருப்பு

கிரினோவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஜப்பானின் கடலோர ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் உதவித் தலைமையாசிரியர். காலையில் கதவைத் திறப்பதும் அவர்தான், கடைசி ஆசிரியர் கிளம்பிய பிறகு பூட்டுவதும் அவர்தான். நடுவில் குளவிக்கூடு கலைப்பது, ஒழுகும் குழாயை முறுக்குவது, பெற்றோரிடம் திட்டு வாங்குவது எல்லாம் அவர் தலையில். இதனாலேயே மனைவி யோஷியேயின் பாடல் குழுக் கச்சேரியை ஒன்பது வருடங்களாக அவர் பார்த்ததில்லை.

பத்தாவது கச்சேரி அக்டோபரில், ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு. முதல் முறையாக யோஷியே தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறாள்.

"இந்தத் தடவையும் வரலேன்னா அந்தப் பூட்டோடயே குடித்தனம் நடத்துங்க," என்றாள் காலையில், சோற்றுக் கிண்ணத்தை வைத்தபடி. சிரிக்கவில்லை.

புதன்கிழமை எல்லோரும் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டிய நாள். அதை மைக்கில் அறிவிப்பதும் கிரினோதான். ஐந்து மணிக்கு ஆசிரியர் அறை காலியாயிற்று. கணக்கு டீச்சர் நெசு வாசலில் நின்று, "சார், உங்க சீட்டைப் பிடிச்சு வெக்கிறேன். ஒம்பது வருஷமா யாரும் உக்காராத சீட்டாச்சே!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மிச்சம் இருந்தவர் டெல்ராய். ஜமைக்காவிலிருந்து ஏப்ரலில் வந்த ஆங்கில ஆசிரியர். மேலதிகாரி இருக்கும்போது எழுந்து போகாதே என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே கிரினோ கிளம்பட்டும் என்று டெல்ராய் காத்திருந்தார். டெல்ராய் கிளம்பட்டும் என்று கிரினோ காத்திருந்தார். அரை வருடமாக இதுதான் நடந்தது. கடல் தாண்டி வந்தவரிடம் வீட்டுக்குப் போ என்று எப்படிச் சொல்வது? வேலை சரியில்லை என்று நினைத்துக்கொண்டால்?

"டெல்ராய் சார், ரொம்பக் களைச்சுப் போயிருப்பீங்க."

"இல்லவே இல்ல சார். தெம்பா இருக்கேன்!"

"வெளிய இருட்டிக்கிட்டு வருது..."

"ஆமா சார். இந்த ஊர்ல சாயங்காலம் ரொம்ப அழகு."

கிரினோ விளக்குகளை வரிசையாக அணைத்தார். "கரண்ட்டை மிச்சம் பிடிக்கணும்ல சார்," என்று பாராட்டிவிட்டு, டெல்ராய் ஃபோன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பாடம் எழுதினார்.

ஐந்து இருபத்தைந்து. கிரினோ பையை எடுத்தார். "உங்களுக்கு முன்னாடி கெளம்புறேன், மன்னிக்கணும்." முதலில் கிளம்புகிறவர் சொல்லும் இந்த வார்த்தையை அந்தப் பள்ளியில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நாக்கு குழறியது. பின்வாசல் வழியாகப் போய் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். டெல்ராய் போனதும் பூட்டிவிட்டு ஓடலாம்.

டெல்ராய் சீட்டியடித்தபடி, வெளியே போடும் ஷூக்களை எல்லோரும் கழற்றி வைக்கும் வாசல் அலமாரி வரை வந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாகக் கண்டார். அங்கே எதையோ பார்த்து நின்றார் டெல்ராய். அதற்கு மெல்லத் தலை வணங்கினார். திரும்பி உள்ளே போய்விட்டார். ஜன்னலில் மறுபடி டார்ச் வெளிச்சம்.

கிரினோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணுக்காலில் கொசு கடித்தது. அடிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காலில் பள்ளிக்கூடத்துப் பச்சைச் செருப்பு. அவருடைய கறுப்பு ஷூ அலமாரியிலேயே இருக்கிறது. உள்ளே போடும் செருப்போடு மண்ணில் இறங்கும் பிள்ளைகளை வராந்தா துடைக்க வைப்பவர் அவர்.

ஐந்து நாற்பத்திரண்டு. உள்ளே ஓடினார்.

டெல்ராய் எழுந்து நின்றார். "நீங்க போகலேன்னு நெனச்சேன் சார்! உங்க ஷூ அலமாரியிலயே இருந்துச்சு. என்னைச் சோதிச்சுப் பாக்குறீங்கன்னு..."

"டெல்ராய் சார்! வீட்டுக்குப் போங்க! தயவுசெஞ்சு போங்க! என் பொண்டாட்டி பாடுறா!"

அறையே அதிர்ந்தது. டெல்ராய் முகம் மலர்ந்தது. "இதை ஏப்ரல்லயே சொல்லியிருக்கலாமே சார்! தெனமும் பசியில உயிர் போச்சு!"

பூட்டிவிட்டு இருவருமே ஓடினார்கள். யோஷியே மேடையில் முன்னே வந்து நின்றபோது கிரினோ நெசு பிடித்துவைத்த முன்வரிசை இருக்கையில் விழுந்தார். யோஷியே அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். பச்சைச் செருப்பின் முனையில் வெள்ளை எழுத்தில் 'ஆசிரியர் அறை'. பாட்டின் இரண்டாவது வரியில் அவள் குரல் சிரிப்பில் தள்ளாடியது. மூன்றாவது வரியில் நிமிர்ந்துகொண்டது.

பூட்டிய பள்ளிக்கூடத்தில் கறுப்பு ஷூ மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.