கல்வேலிக்காரர்

நெடுந்தீவில் எங்கள் பக்கத்து வளவுக்காரர் நெடுத்த மனிதர். எவரோடும் முகம் பார்த்துப் பேசமாட்டார். தன் மாட்டைப் பார்த்துத்தான் பேசுவார். மாரிமழைக்குக் கல்வேலி சரிந்தால் முந்திவந்து அடுக்குவார். வேலி எங்கள் காணிக்குள் ஒரு சாண் நகர்ந்திருக்கும். சண்டை பிடிப்பது அம்மா. மூன்று பிள்ளை பெற்ற நான் குசினிக்குள் அடுப்படியில் நிற்பேன்.

காணி வழக்குக் கேட்கும் விதானையாரும் போரில் இடம்பெயர்ந்துபோன காலத்தில் அம்மா செத்தாள். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்ததும் பக்கத்து வளவுக்காரர் மாட்டோடு கல்லடுக்க வந்தார். நான் வெளியே வந்தேன்.

"கொம்மா இருந்தாலாவது கதைக்கலாம். நீ சின்னப்பெட்டை, உள்ளுக்குப் போ," என்றார் என்னிடம், மாட்டைப் பார்த்தபடி.

"அம்மான்ரை பாடையைக் காவினனீர்தானே? அந்தத் தோளாலை இந்தக் கல்லையும் பழைய இடத்துக்குக் காவும். நான் அசையன்."

பொழுதுபடும்வரை நின்றேன். கல்லெல்லாம் திரும்பிப் போயின. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"கொம்மாவே பரவாயில்லை."

சாமத்தியச் சடங்கு எனக்குச் சிறுவயதில் நடந்தது. நான் பெரியவளானது அன்றுதான். அந்த மனிதரை இன்றும் எனக்குப் பிடிக்காது. பாடை காவ ஏன் வந்தார் என்பதும் விளங்கவில்லை.