சுவரில் மூன்றாவது வரி

கென்யாவின் கிசுமு நகரில் எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் பிரிவுக்கு உயிர் அலூச் அக்காதான். பதினோரு வருடமாக உப்பை இரண்டு முறை நிறுத்துப் பார்த்துதான் போடுவார். மதியம் கொண்டுவரும் உகாலி என்ற சோளமாவுக் களியிலும் ஒமெனாப் பொடிமீனிலும் பாதி அடுத்தவர் தட்டுக்குப் போய்விடும்.

கம்பெனிக்கென்று கொள்கைகள் வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்று மேலாளர் வன்யாமா கேட்டார். வாய் ஓயாத நான் எழுந்தேன். "தப்பை ஒத்துக்கிட்டவங்களுக்குத் தண்டனை கிடையாதுன்னு எழுதுங்க சார்!" ஒரே கைதட்டல். சுவரில் எழுதிவைத்த கொள்கைகளில் அது மூன்றாவது வரியானது. தினமும் காலையில் மேற்பார்வையாளர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம்.

ஒருநாள் மாவு லாரி வந்தது. "உப்பை நான் போட்டுடறேன்க்கா, நீங்க போய் மூட்டையைப் பாருங்க" என்றேன். முந்தின நாள் பந்தாட்டத்தைப் பற்றிப் பக்கத்திலிருந்தவனோடு மல்லுக்கட்டியதில் உப்பை மறந்தே போனேன். மறுநாள் கடைக்காரர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள்: "என்னப்பா, நோயாளிக்குப் பத்தியமா அனுப்பியிருக்கீங்க?"

வன்யாமா எல்லாரையும் கூட்டினார். "யாருன்னு சொல்லுங்க. யாரும் எழுந்திருக்கலேன்னா மூணாவது வரிமேல வெள்ளையடிச்சிடுவேன்."

திங்கட்கிழமை எங்களில் ஒருவரைப் புது மேற்பார்வையாளராக்கப் போகிறார்கள். அது அக்காதான் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த பெயர் என்னுடையது. நான் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார்" என்று எழுந்தார் அலூச் அக்கா.

வன்யாமா சொன்ன சொல் தவறவில்லை. தண்டனை இல்லை, பாராட்டிக் கைதட்டினார். நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவன், எல்லாரையும்விடச் சத்தமாக. ஆனால் திங்கட்கிழமை, "அவங்களுக்குக் கொஞ்ச நாள் போகட்டும்" என்று மேற்பார்வையாளர் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

தேநீர் நேரத்தில் அக்காவிடம் போனேன். "அக்கா, அந்த உப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும் ஓயுகி" என்றார். "நீ எழுந்திருப்பேன்னுதான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம் ஏன்க்கா நீங்க...?"

"யாராவது எழுந்திருக்கணும்ல? இல்லேன்னா நாளைக்கு ஒரு புதுப் பொண்ணு பயந்துக்கிட்டு எதையாவது மறைப்பா. நல்ல வரிடா அது. நீ சொன்னதுதானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றே வன்யாமாவின் அறைவரை போனேன். கதவைத் தட்டாமலே திரும்பினேன்.

மறுநாள் காலை எல்லாருக்கும் முன்னால் நின்று முதல் வரியைச் சொன்னேன், இரண்டாவதைச் சொன்னேன். மூன்றாவதில் குரல் எழும்பவில்லை. பின்வரிசையிலிருந்து அக்கா அதைச் சத்தமாகச் சொன்னார்.

இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் அந்த வரியை அவர்தான் சொல்கிறார்.