உபதேசியாரம்மா கொடுத்த துணி

என் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் உடைந்து, அதிலிருந்து வெள்ளை நூல் போல ஏதோ தலைநீட்டிய காலை இன்னும் கண்முன் நிற்கிறது. நூல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து இழுக்கப் போனேன். "இழுக்காதீங்க வாத்தியாரே! அறுந்துச்சுன்னா காலு வீங்கிப்போகும்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் அதட்டியது. உபதேசியாரம்மா நின்றிருந்தார். ஈர்க்குச்சித் துண்டு ஒன்றும் நனைத்த பஞ்சும் கையில் வைத்திருந்தார். என் காலருகே உட்கார்ந்து, அந்தப் புழுவின் நுனியைக் குச்சியில் பதமாக ஒரு சுற்றுச் சுற்றி, காலோடு சேர்த்துக் கட்டினார். மறுநாள் இன்னொரு சுற்று. முழுப் புழுவும் வெளியே வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் நான் எழுந்து நடக்கவில்லை.

அதற்கு நரம்புச் சிலந்தி என்று பெயர். நான் கீரனூர்க்காரன். வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு மூன்று மைலில் இருந்த அந்தக் கிராமத்துக்கு, கிறிஸ்தவச் சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராக வந்து ஒரு வருஷமும் சில மாதங்களும் ஆகியிருந்தன. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் கிறிஸ்தவன் அல்ல. பள்ளியை ஒட்டிய அறையில் தங்கி, ஊர்த்தெருக்காரர்களுடைய மேல ஊருணியில் தண்ணீர் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவந்தேன். வந்த புதிதிலேயே உபதேசியாரம்மா என் பானையைப் பார்த்துவிட்டு, "நாலு மடிப்புத் துணி கட்டி வடிச்சுக் குடிங்க, தம்பி" என்று சொல்லியிருந்தார். மேல ஊருணித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். படித்தவன் என்ற நினைப்பில், "கீரனூர்ல யாரும் இப்படிச் செய்யிறதில்லீங்களே" என்று சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புத்தான் ஒரு வருஷம் கழித்துக் காலில் வெளிவந்தது என்று பிறகு அவரே சொல்லிக் காட்டினார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

அவருடைய கணவர் உபதேசியார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையையும் பள்ளியையும் பார்த்துக்கொண்டவர், சாதுவான மனிதர். அம்மா கல்யாணத்துக்கு முன் ஏதோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தாதிகளுக்கு ஒத்தாசையாக வேலை பார்த்தவர். அங்கே கற்றதை மறக்காதவர். சபைத் தெருவில் பதினெட்டு வீடுகள். அவர்களுக்கு மேல ஊருணியின் படியில் கால் வைக்க அனுமதி கிடையாது. மாடுகள் இறங்கிக் குழப்பும் கீழ ஊருணிதான் அவர்களுக்கு. ஆராதனை முடிந்ததும் அம்மா வீடுவீடாகப் போய்ப் பானையின் வாயைப் பார்ப்பார். துணி கட்டாத வீட்டில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத்தான் மறுபேச்சு. அந்தத் தெருவில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது என்று சொல்ல முடியாது.

நான் படுத்த வருஷம் ஊர்த்தெருவில் அநேகமாக வீட்டுக்கு இரண்டு மூன்று பேர் படுத்திருந்தார்கள். ஆடி மழை விழுந்தால் கடலை விதைக்க வேண்டும். ஏர் பிடிக்க ஆள் இல்லை. கலங்கல் தண்ணீர் குடித்த சபைத் தெருவிலோ ஒருவருக்கும் நோவு இல்லை. இதை ஊர் கவனிக்காமல் இருக்குமா?

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆராதனை முடியும் நேரம், ஊர்த்தெருவுக்குத் தலைவரான அம்பலகாரர் கம்பை ஊன்றிக்கொண்டு சபைக் கோயில் வாசலில் வந்து நின்றார். பாதத்தில் துணிக்கட்டு. அவர் அந்தத் தெருவுக்குள் வந்ததே அதுதான் முதல்முறை என்றார்கள். நான் அப்போதுதான் எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தேன்; பள்ளி வாசலிலிருந்து பார்த்தேன்.

"உபதேசியாரே, வீட்டுல எம் பொண்டாட்டியும் ரெண்டு மகனும் படுத்துக் கெடக்காக. ஒங்க சாமிக்கு என்ன நேந்துக்கிட்டா இது போகும்? கூசாமச் சொல்லுங்க" என்றார்.

சபை மூப்பருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அவமானம் தின்ற மனிதர் அவர். அம்பலகாரரே வாசலில் வந்து நின்று கேட்கும் நாளை அவர் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார். "வாங்க ஐயா. மூணு ஞாயித்துக்கெழமை குடும்பத்தோட ஜெபத்துக்கு வாங்க, கர்த்தர் பாத்துக்குவாரு" என்று ஆரம்பித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து உபதேசியாரம்மா எழுந்தார். "சாமிகிட்ட வாரதுன்னா எப்ப வேணாலும் வாங்க ஐயா. ஆனா இதுக்குக் காரணம் துணி. தண்ணிய வடிச்சுக் குடிக்கிறோம், அம்புட்டுத்தான்."

மூப்பர் கொதித்துப்போனார். "கோயிலுக்குள்ள நின்னுக்கிட்டு இப்படிப் பேசுறியே! தேடி வந்த ஆள நீயே தொரத்துறியே!"

"பொய் சொல்லிக் கூட்டியாந்தா, நாளைக்கு நம்ம தெருவுல ஒருத்தன் துணி கட்ட மறந்து படுத்துட்டான்னா, அன்னைக்கு நம்ம சாமி மொகத்த எங்கிட்டுக் கொண்டுபோயி வச்சுக்கும், அண்ணே?"

அம்மா என்னை அனுப்பி என் அறையில் இன்னும் வடிக்காமல் இருந்த மேல ஊருணித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்துவரச் சொன்னார். அதை வெயிலுக்கு நேரே பிடித்து அம்பலகாரரிடம் காட்டினார். தெளிந்த தண்ணீருக்குள் எள்ளில் பாதிகூட இல்லாத புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடின. அவற்றை விழுங்கினால் ஒரு வருஷத்தில் உள்ளே புழு வளர்கிறது என்றும், புண்ணோடு ஊருணியில் இறங்குகிறவர் காலிலிருந்து மறுபடி தண்ணீருக்குள் விதை விழுகிறது என்றும் சொன்னார். அம்பலகாரர் வெகுநேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு நாளா இதையா குடிச்சோம்?" என்றார் மெதுவாக.

வழி தெரிந்துவிட்டது, துணிக்கு எங்கே போவது? யுத்தத்தால் துணிக்குக் கட்டுப்பாடு. பெண்களின் ஒட்டுப்போட்ட சேலைகளில் வடிகட்ட முடியாதபடி ஓட்டைகள். புதுக்கோட்டைக்கு எத்தனையோ தடவை நடந்து, மனுப்போட்டு, சபைப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் உடுப்புக்காக ஒரு கட்டு வெள்ளை மல் துணியைச் சித்திரையில்தான் வாங்கி வைத்திருந்தார்கள். அன்று மாலை சபை கூடியது. அந்தத் துணியை ஊர்த்தெருவுக்குக் கிழித்துக் கொடுப்பதா என்பதுதான் பேச்சாம். நாலு பிள்ளை பெற்ற ஒருத்தி, "பழைய சட்டையத் தொவைச்சுப் போட்டாலும் பாட்டு அதே பாட்டுத்தானே" என்றாளாம். கடைசியில் மூப்பரே எழுந்துபோய்க் கட்டைத் தூக்கிவந்து நடுவில் வைத்திருக்கிறார். "முழுசாக் கிழிங்க. மிச்சம் வச்சா அதுக்கு வேற சண்ட வரும்."

மறுநாள் சபைப் பெண்கள் இரண்டிரண்டு பேராக ஊர்த்தெருவுக்குப் போனார்கள். சில வீடுகளில் துணியைத் தரையில் வைக்கச் சொல்லி, மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டார்கள். கூடப்போன ஒரு பெண் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். உபதேசியாரம்மாவுக்கும் முகம் கறுத்ததைப் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னது இதுதான்: "அலசிக் கட்டுறது நல்லதுதான்டி. கட்டுறாகளான்னு மட்டும் பாரு."

அதைவிடப் பெரிய சிக்கல் ஊருணிப் படியில் வந்தது. புண்ணுள்ளவர்கள் இறங்கக் கூடாது என்றால் அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது யார்? ஊர்த்தெருவில் நல்ல காலுள்ளவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. நாங்கள் மொண்டு தருகிறோம் என்று சபைத் தெரு இளைஞர்கள் வந்து கரையில் நின்றார்கள். படியில் இறங்கவில்லை. "அவுக எறங்குன தண்ணிய நாம குடிக்கிறதா?" என்று ஒரு பெரியவர் கத்தினார். தடியோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

அம்பலகாரர் கம்பை ஊன்றி முன்னால் வந்தார். கட்டை அவிழ்த்துத் தன் பாதத்துப் புண்ணைக் காட்டினார். "இந்தக் காலோட நான் நேத்து வரைக்கும் இதுக்குள்ள எறங்குனேன். அப்பல்லாம் யாரும் கேக்கலியே. நான் எறங்குறதுக்கு அவுக எறங்குறது எம்புட்டோ தேவல" என்றார். பிறகு இளைஞர்களைப் பார்த்து, "எறங்குங்கப்பா" என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் வெளுத்த பழைய சட்டையோடு நின்று பாடினார்கள். மறு ஆடியில் மழை விழுந்த காலை, நான் ஊரைச் சுற்றி நடந்து பார்த்தேன். எல்லாப் புஞ்சையிலும் ஏர் ஓடியது. துணி கட்டமாட்டேன் என்று நின்ற இரண்டு மூன்று வீடுகளில் மட்டும் ஆட்கள் படுத்திருந்தார்கள். அவர்களும் அந்த வாரமே துணி கேட்டு வந்தார்கள். யாரும் மதம் மாறவில்லை. மூப்பருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் அம்பலகாரர் எதிரே வந்தால் நின்று பேசுகிறார் என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

இப்போது எனக்கு வைத்தியம் பார்க்கிற இளம் டாக்டருக்கு நரம்புச் சிலந்தியைப் புத்தகத்தில்தான் தெரியும். என் கணுக்கால் தழும்பைக் கேட்டார், கதையைச் சொன்னேன். இதில் பாதியைத்தான் நம்பியிருப்பார்.

அந்த ஆடிக்கு மறு வருஷமே உபதேசியாருக்கு வேறு சபைக்கு மாற்றலாகிவிட்டது. பானை சட்டியெல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. அப்போது அம்பலகாரர் வீட்டம்மாள் ஏழெட்டுப் பெண்களோடு சபைத் தெருவுக்குள் வந்தார். வண்டியருகே வந்து நின்று, "தாகமா இருக்கு. ஒரு செம்புத் தண்ணி குடுங்க" என்றார்.

மூப்பரின் மனைவி தன் வீட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மாள் அதைக் கையிலேயே வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர் சட்டென்று நிறுத்தி, செம்புக்குள் எட்டிப் பார்த்து, உபதேசியாரம்மாவிடம் கேட்டார்:

"வடிகட்டுனதுதானே?"

உபதேசியாரம்மா சிரித்த சிரிப்பில் வண்டிமாடுகள் மிரண்டன. அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, அண்ணாந்து, செம்பு காலியாகும் வரை குடித்தார்.