தையல் என்னுதுதான்

வீரமுத்து மாமா வீட்டை விட்டுக் கிளம்பியது 2022ஆம் வருஷம் ஆடி மாதம் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை. தா.பழூரில் விதைநெல் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லி மொபெட்டை எடுத்தார். ஊர் எல்லை வளைவைத் தாண்டவில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஸ்டேஷனில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

அடையாளம் கண்டுபிடித்தது அவர் மனைவி அம்சவள்ளி அக்கா.

எங்கள் ஊர் ரெட்டிபாளையத்துக்குப் பக்கம். அக்கா எங்களுக்கு எதிர்வீடு. ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டு லாரித் தார்ப்பாய் தைக்கிறாள். கோணி ஊசி, நைலான் நூல், கையில் பழைய டயர் ட்யூபில் வெட்டிய உறை. பதினாறு வயதில் உரக்கடையில் சாக்கு தைக்க உட்கார்ந்தவள். ஒட்டுப் போட்டு முடிக்கும்போது மூலையில் மூன்று தடவை குறுக்கே ஓட்டி முடிச்சுப் போடுவாள். இந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படித் தைப்பதில்லை.

மொபெட்டின் ஹேண்டில்பாரில் தார்ப்பாயின் ஒரு கிழிசல் சுற்றியிருந்தது. பச்சை ஒட்டு, மூலையில் மூன்று குறுக்குத் தையல். ஸ்டேஷனில் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "தையல் என்னுதுதான் சார்" என்றாள். புருஷன் செத்த மறுநாள்.

கறுப்புத் துணி தீர்ந்துபோன மாதம் நான்கு லாரிக்குப் பச்சை ஒட்டுப் போட்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே குவாரி ரோட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஊர் பேசியது. பேசட்டும் என்றாள். ஒன்பது நாளில் மூன்று லாரியைப் பார்த்துவிட்டாள், மூன்றிலும் ஒட்டு அப்படியே இருந்தது. நான்காவது லாரி புத்தம்புதுத் தார்ப்பாயோடு வந்தது. போன மாதம்தான் ஒட்டுப் போட்டுக்கொண்டு போனவன் அதற்குள் எதற்குப் புதிதாக வாங்கினான்? நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அன்று சாயங்காலத்துக்குள் டிரைவர் ஒப்புக்கொண்டான்.

நான் நாலு வருஷம் வடக்கே சுற்றிக்கொண்டிருந்தேன்; இதெல்லாம் அக்கா போனில் சொன்னது. ஸ்பிட்டி என்கிற பனிமலைப் பக்கத்தில் ஒரு விடுதியில் சுரேஷ்குமாரைப் பார்த்தேன். சென்னைக்காரன், முதல் படம் எடுக்கக் கதை தேடுகிறேன் என்றான். எங்க ஊரில் ஒரு அக்கா இருக்கிறாள் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா நம்பரையும் கொடுத்தேன். இதை நான் செய்தேன் என்று எழுதாமல் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அவன் ஊருக்கு வந்து மூன்று நாள் உட்கார்ந்தான். அக்காவுக்குத் துப்பறியும் படம் என்றால் உயிர். டிவியில் எதைப் போட்டாலும் இடைவேளைக்குள் கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். அவனுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். தையலைத் தைத்துக் காட்டினாள். அவன் போனில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான்.

மாமியார் முத்தாயி அம்மாவிடம், "அத்த, நம்ம கதை படமா வருது. துப்பறியறது யாரு தெரியுமில்ல?" என்பாள்.

"ஒனக்குப் பதிலா நடிக்கிறவ செவப்பா இருப்பாளாடி?"

"செவப்பா இருந்தா என்ன, தைக்கத் தெரிஞ்சாப் போதும்."

பிள்ளை இல்லாத வீட்டில் மாமா போன பிறகும் அந்த இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்கு நொறுக்கிக்கொண்டு டிவி பார்த்தார்கள். தன் மகள் லீலாவதி தா.பழூரில் இருந்து எத்தனை தடவை கூப்பிட்டும் முத்தாயி அம்மா போகவில்லை. "இவ ஒண்டியா இருப்பா" என்று சொல்லிவிடுவார்.

2024 சித்திரையில் படம் வந்தது. பேரை இங்கே எழுத மாட்டேன். அந்த விளம்பரமும் அவனுக்கு வேண்டாம். நான் ஊர் திரும்பிய வாரம் அது. அக்கா, முத்தாயி அம்மா எல்லாரும் சேர்த்து எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேர் பஸ் ஏறி அரியலூர் தியேட்டருக்குப் போனோம்.

அக்கா அதில் துப்பறியவில்லை. சென்னையிலிருந்து ஒருவன் வருகிறான். எங்கள் ஊர் வெயிலில் முழங்கால் வரை கறுப்புக் கோட்டு. முதல் பாதி முழுக்கச் சுவரில் போட்டோ ஒட்டிச் சிவப்புக் கயிறு கட்டுகிறான், கண்ணை மூடி யோசிக்கிறான். செத்தவன் பெண்டாட்டி தலை நிறைய பூ வைத்துக்கொண்டு தார்ப்பாய் தைக்கிறாள், அதற்கு ஒரு பாட்டு. கடைசிப் பத்து நிமிஷத்தில் கோட்டுக்காரன் அந்தக் கிழிசலைப் பத்து வினாடி பார்த்துவிட்டுச் சொல்கிறான்: தைத்தவள்தான் கொலைகாரி. லாரி டிரைவர் அவளுடைய கள்ளக்காதலன்.

மூன்று குறுக்குத் தையலைத் திரை நிறையக் காட்டினான். முன்வரிசையில் எவனோ விசிலடித்தான்.

பஸ் ஏறித் திரும்பினோம். இறங்கி நடக்கும்போது முத்தாயி அம்மா கேட்டார்: "அந்த டிரைவரு முன்னாடியே ஒங்கிட்ட தைக்க வந்தவனா?"

"வந்தான் அத்த. அதனாலதான கண்டுபுடிச்சேன். ஸ்டேஷன்ல சொன்னேன், கோர்ட்ல சொன்னேன், ஒங்களுக்கும் சொன்னேன்."

"அப்ப எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு."

அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டாள். லாரி ஒன்று ஹாரன் அடித்தது. நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

மறுநாள் காலை சுரேஷ்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, படம் பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"ஏன்டா, ஒனக்குச் சோறு போட்டேனேடா."

"ஐயோ, அது கற்பனைக்கா. ஆரம்பத்துலயே கார்டு போட்டிருக்கோமே."

"கற்பனைன்னா தையலயும் நீயே கற்பனை பண்ணியிருக்க வேண்டியதுதான? அது மட்டும் எதுக்குடா என்னுது?"

"ட்விஸ்ட் இல்லன்னா புரொட்யூசர் ஒத்துக்க மாட்டாருக்கா. யாரும் எதிர்பார்க்காத ஆளா இருக்கணும்ல?"

"எவனும் எதிர்பார்க்காத ஆளு நான்தான்டா, கண்டுபுடிச்சவ! அதக் காட்டுறதுக்கு என்னடா நோவு?"

போனை நான் வாங்கி, இங்கே அச்சில் போட முடியாத சிலதைச் சொன்னேன். அவன் வைத்துவிட்டான். அதன் பிறகு எங்கள் இருவர் நம்பரையும் எடுக்கவில்லை. மூன்று வக்கீல்களுக்கு எழுதிப் போட்டேன். ஒருவர் மட்டும் பதில் எழுதினார். படத்தில் அக்காவின் பேரும் இல்லை, ஊரின் பேரும் இல்லை, எதை வைத்து வழக்குப் போடுவீர்கள் என்று கேட்டிருந்தார். படம் எட்டு நாள் ஓடவில்லை. விமர்சனம் போட்டவர்கள் எல்லாரும் அரைவேக்காடு என்றார்கள், வேகம் இல்லை என்றார்கள். முடிவை மட்டும் புத்திசாலித்தனமானது என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டுச் செல்போனைக் கட்டிலில் எறிந்தேன்.

அந்த வாரமே முத்தாயி அம்மா பையைக் கட்டினார். சண்டை எதுவும் இல்லை. "லீலா கூப்பிடுறா" என்றார். அக்கா தடுக்கவில்லை, பஸ் ஏற்றி விடவும் போகவில்லை. வாசலில் நின்று ஒன்று மட்டும் கேட்டாள்: "அன்னிக்குக் காலைல நான் எங்க இருந்தேன் அத்த? ஒங்க தலைக்குச் சீயக்காய் தேச்சுக்கிட்டு இருந்தேன். சேதி வந்தப்ப ஒங்க தல நொரையோடதான இருந்துச்சு?"

முத்தாயி அம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தெரியாமலா? தெரியும். தலையில் நுரையோடு ரோட்டுக்கு ஓடிய மனுஷி அவர். கண்ணால் கண்டதைவிடத் திரையில் கோட்டுப் போட்டவன் சொன்னது பெரிதாகிவிட்டது. எனக்குச் சுரேஷ்குமார் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்று அவர் பக்கம் திரும்பியது. அது இன்னும் முழுசாகத் தணியவில்லை.

அக்கா தைப்பதை நிறுத்தவில்லை. மூலைக் குறுக்குத் தையலை விட்டுவிடு, ஆட்கள் சிரிக்கிறார்கள் என்று கொட்டகைக்கு இடம் விட்டவர் சொன்னதற்கு, "சிரிக்கிறவன் வேற எடத்துல தைச்சுக்கட்டும்" என்றாள். லாரிக்காரன் ஒருவன் "கோட்டுக்காரன் வரான் பாருக்கா" என்று கிண்டல் செய்தபோது ஊசியோடு எழுந்தாள். அவன் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டான். டிவி மட்டும் அந்த வீட்டில் ஓடவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, 2025 தை மாதம், லீலாவதியின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அக்கா கேட்டுவிட்டு எனக்கு அனுப்பினாள்.

"அம்சா, நான்தான். நேத்து அந்தக் கண்றாவிய டிவில போட்டான். இங்க பக்கத்து வூட்டுப் பொம்பளைங்கல்லாம் வந்து உக்காந்து பாத்துச்சுங்க. முடிஞ்சதும் ஒருத்தி, 'இது ஒங்க மருமவ கதையாமே'ன்னு இளிக்கிறா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். 'எம் மருமவ கண்டுபுடிச்ச கதடி அது, ஒன் வாயில மண்ணு'ன்னேன். சொன்னப்பறந்தான் யோசிச்சேன், இத ஒங்கிட்ட நான் சொல்லவே இல்லியேன்னு. வெள்ளிக்கிழம பஸ்ஸுல வரேன். நீ கோவமா இருந்தா இரு, பேச வேணாம். ஒல மட்டும் ரெண்டு பேருக்கு வை."