உங்கள் கல்லறைத் தோட்டத்தை நீங்களே செய்யுங்கள்

போன வாரம் மகள் படிக்கும் பள்ளியின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. முயல் காது வைத்த காகிதத் தொப்பி, பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, சாயம் பூசிய முட்டை. ஈஸ்டருக்குப் பெற்றோர் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதில் ஏதாவது ஒன்றைச் செய்து படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். என் மனைவி அடுத்த நிமிஷமே, எல்லாம் வெட்டித் தயாராக வரும் பெட்டி ஒன்றை ஃபோனில் ஆர்டர் போட்டுவிட்டாள். நேற்று வந்து சேர்ந்தது. பிரித்ததும் பசையும் புதுக் காகிதமும் கலந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. அந்த வாசனைக்குள்தான் ஒரு காலத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

பெட்டிக்குள் இருந்த தாளில் மேலே ‘ஸ்பிரிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கும். ஏன் என்று உங்களிடம் சொல்வதற்கென்ன.

பதினைந்து வருஷம் இருக்கும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டைப் அடிப்பது என் வேலை. மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான். ‘தம்பி பி.ஏ. இங்கிலீஷ்’ என்று கடைக்கார அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மூன்றாவது தடவையில் பாஸானவன் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு பங்குனி மாதம் மத்தியானம் ஐயரம்மா கடைக்கு வந்தார். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் குருவானவரை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்வதற்குள் நமக்கு வாய் வலித்துவிடும். அவர் கையில் இங்கிலீஷில் பிரிண்ட் எடுத்த நாலைந்து தாள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் ஈஸ்டருக்குச் செய்யக்கூடிய எளிய கைவேலைகள். அதைத் தமிழில் போட்டு நூறு பிரதி வேண்டும், குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்றார். இங்கிலீஷ் வாசித்தால் தனக்கு விளங்கும், அதைத் தமிழாக்கி எழுதத்தான் வராது என்றார். சபையில் பாதிப்பேர் தறிக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். அப்பாவும் அம்மாவும் பிள்ளையோடு சேர்ந்து ஒரு அரை மணி நேரம் உட்கார இது ஒரு சாக்காக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்.

நான் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சொல்லே ஸ்பிரிங். வசந்தம் என்றும் இருந்தது, ஊற்று என்றும் இருந்தது, சுருள்வில் என்றும் இருந்தது. தாளில் காகிதத்தைச் சுருட்டி அதன் மேல் கோழிக்குஞ்சு ஆடுகிற மாதிரி ஒரு படம். அடிக்கிற பங்குனி வெயிலில் எனக்கு வசந்தம் எங்கே தோன்றும்? ‘ஸ்பிரிங் வைத்துச் செய்யும் கைவேலைகள்’ என்று அடித்தேன். அந்த வாரம் சபைப் பிள்ளைகள் வீட்டிலிருந்த பேனாக்களை எல்லாம் கழற்றி ஸ்பிரிங்கை உருவிவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

முயலிலும் எனக்குச் சந்தேகம். ஈஸ்டருக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம், அது ஏன் முட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். ‘முயலுன்னா எனக்குக் கொழம்புதான் தெரியும், நீதான இங்கிலீஷ் படிச்சவன்’ என்றார். எங்கள் மானாவாரிக் காட்டிலும் முயலுக்கு வேறு வேலை எதுவும் கொடுத்ததில்லை. படத்தை மட்டும் ஒட்டி, கீழே ‘முயல்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

கடைசித் தாளில்தான் அந்தத் தோட்டம் இருந்தது. ஒரு தட்டில் ஈர மண்ணைப் பரப்பி, விதை தூவி, ஓரத்தில் சின்னப் பூந்தொட்டி ஒன்றைச் சாய்த்து மண்ணால் மூடவேண்டும். அதுதான் இயேசுவை வைத்த கல்லறை. வாசலில் ஒரு உருண்டைக் கல். ஈஸ்டர் அன்று காலையில் பிள்ளைகள் அந்தக் கல்லை உருட்டி வைத்துவிட்டு உள்ளே பார்த்தால் வெறுமையாக இருக்கும், அவர் உயிர்த்துவிட்டார். நல்ல யோசனைதான். தலைப்பைத்தான் நான் கெடுத்தேன். கல்லறை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, ‘நீங்களே செய்யுங்கள்’ என்று இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டி ‘உங்கள் கல்லறைத் தோட்டத்தை நீங்களே செய்யுங்கள்’ என்று பெரிதாகப் போட்டேன்.

எங்கள் ஊரில் சுடுகாடு என்றுதான் சொல்லுவோம். கல்லறைத் தோட்டம் என்பது கிறிஸ்தவர்கள் தங்கள் இடுகாட்டுக்கு அன்றாடம் சொல்லுகிற பெயர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இதோடு நிற்காமல், சின்னப் பூந்தொட்டிக்கு ஜனங்கள் எங்கே போவார்கள் என்று இரக்கப்பட்டு, ‘அல்லது தீப்பெட்டி’ என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனைக்கே அப்படியென்றால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ஐயரம்மா பிழை பார்க்க வந்த நேரம் கரண்ட் இல்லை. வாசல் வெளிச்சத்தில் நின்று வேத வசனத்தை மட்டும் இரண்டு தடவை படித்து ஒரு ஒற்றெழுத்தைச் சேர்க்கச் சொன்னார். தலைப்பையும் பார்த்தார். அவர் மனது முழுக்க இயேசுவின் கல்லறை இருந்ததால் அதில் அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

ஈஸ்டர் அன்று சாப்பிட வரச் சொல்லியிருந்தார். பிரியாணி என்று அண்ணாச்சி சொன்னதால் நான் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். கோயிலுக்கு, அதாவது அவர்கள் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஞாயிறுப் பள்ளி நடக்கிற நீளமான ஹால். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பிள்ளைகள் கொண்டுவந்த தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வாசலிலேயே ஐயரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். சத்தமில்லாமல், ‘தம்பி, நீ என்ன எழுதி வச்சிருக்கன்னு வந்து பாரு’ என்றார்.

பார்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் ஊர்க் கல்லறைத் தோட்டம். ஈஸ்டர் அன்று விடிகிற நேரத்தில் அங்கே போய், செத்தவர்களுக்குப் பூ வைத்து ஜெபிப்பது அந்தச் சபையில் வழக்கம். அதைத்தான் இந்த வருஷம் பிள்ளைகளை வைத்து வீட்டிலும் செய்யச் சொல்லுகிறார்கள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். தீப்பெட்டிக்கு வெள்ளைத் தாள் ஒட்டி, ஈர்க்குச்சியில் சிலுவை நட்டு, தாத்தா, பெரியம்மா, சித்தப்பா என்று பெயர் எழுதியிருந்தார்கள். ஒரு தட்டில் ஏழு தீப்பெட்டி. ஒன்றில் ஒரு நாய்க்கும் இடம் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் வெந்தயம் விரல் உயரத்துக்கு முளைத்துப் பச்சைப் பசேலென்று நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை தெரியும், இங்கே நூறு பிரதி எடுத்துப் பிடித்திருக்கிறேன்.

ஐயரம்மா கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஜெபம் தொடங்கும் முன் தாளில் தவறு நேர்ந்துவிட்டது என்று சொல்லி, தட்டுகளை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். உயிர்த்தெழுந்த பண்டிகை அன்றைக்கு ஹால் நிறையச் சாவாக இருக்கிறதே என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் செல்வக்கனி வந்தாள். அவளைக் கண்டதும் ஐயரம்மா பேச்சை நிறுத்திவிட்டார். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு நாலு வயசுப் பையன். ஐயரம்மா என் காதருகில் சொன்னார். அவளுக்கு மூத்தது ஒரு பெண் பிள்ளை, பியூலா. மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டது. மூன்று வருஷமாயிற்று. அடக்கம் பண்ணிய அன்றோடு சரி, செல்வக்கனி கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை, வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்கவும் கூடாது. தறிக்குப் போகிற அவள் புருஷன் தேவராஜ் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறான்.

பையன் தட்டைக் காட்டி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ‘இது பியூலா அக்கா. நானும் அம்மையும் செஞ்சோம்.’ மண்ணுக்கு நடுவில் ஒரே ஒரு தீப்பெட்டி. அதில் நீல மையில் பெயர்.

செல்வக்கனி இந்தத் தாளை யார் எழுதினது என்று கேட்டிருக்கிறாள். யாரோ என்னைக் காட்டினார்கள். எட்டாக மடித்த தாளை விரித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். திட்டு விழப்போகிறது, வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

‘எல்லாம் இதுல போட்டிருக்கபடிதான் செஞ்சிருக்கேன் தம்பி. கடைசி வரி மட்டும் செய்யல’ என்றாள். விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். ‘ஈஸ்டர் அன்று திறந்து பார்க்கவும். உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது’ என்று இருந்தது.

‘உள்ள அவ கிளிப்பு இருக்கு. அத எடுக்கச் சொல்லுதீங்களா?’

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. எடுக்கத்தான் வேண்டும் என்றால் எடுத்துவிடுகிறவள் மாதிரியே நின்றாள். அந்தத் தாளில் ஸ்பிரிங் தப்பு, தலைப்பு தப்பு, தீப்பெட்டி என் கைச்சரக்கு. எழுத்துக்கு எழுத்து நான் சரியாக மொழிபெயர்த்திருந்தது அந்த ஒரு வரியைத்தான்.

‘அது பிரிண்டிங் மிஸ்டேக்குக்கா’ என்றேன்.

சொன்ன பிறகுதான் ஐயரம்மா பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. கல்லறை வெறுமையாக இருந்தது என்பதற்காகத்தானே அவர்களுக்கு அன்றைக்குப் பண்டிகையே. நாற்பது நாள் உபவாசம் இருந்து அந்தக் காலைக்காகக் காத்திருந்தவர் அவர். தாளை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியை ஒரு தடவை படித்தார்.

‘ஆமா மக்கா, தப்பா விழுந்துட்டு. நீ மூடியே வையி’ என்றார்.

தட்டுகளை யாரும் எடுக்கவில்லை. ஜெபம் அவற்றுக்கு நடுவிலேயே நடந்தது. செல்வக்கனி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாடவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. பிரியாணி நன்றாக இருந்ததாக ஞாபகம். அடுத்த வருஷம் ஐயரம்மா என்னிடம் எதையும் தமிழ்ப்படுத்தக் கொடுக்கவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

மற்ற தட்டுகளில் வெந்தயம் அந்த வார வெயிலிலேயே காய்ந்திருக்கும். செல்வக்கனி வீட்டுத் தட்டு மட்டும் அலமாரி மேலேயே இருப்பதாகவும், பையன் தினமும் தண்ணீர் தெளிப்பதாகவும், வீட்டில் இப்போது அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்றும் தேவராஜ் ஒருநாள் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வந்தபோது சொன்னார். கல்லறைத் தோட்டத்துக்கு அவள் அப்போதும் போகவில்லையாம்.

இரண்டு வருஷம் கழித்து அவர் வேலை பார்த்த தறிக்கூடத்தை மூடிவிட்டார்கள். குடும்பத்தோடு திருப்பூருக்குப் புறப்பட்டார்கள். டீ குடிக்கப் போன நான் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். தேவராஜ் பஸ் மேலே மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். செல்வக்கனி ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் ஒரு டிபன் டப்பாவைப் பிடித்திருந்தாள். பயணத்துக்குச் சாப்பாடா என்று சும்மா கேட்டு வைத்தேன். மூடியைத் திறந்து காட்டினாள். மண், அதன் மேல் தீப்பெட்டி.

‘அங்கன கெடக்கது கெடக்கட்டும் தம்பி. இவள நான் கூட்டிட்டுப் போறேன்’ என்றாள்.

பஸ் கிளம்பும் வரை நின்றேன். வேறென்ன பேசினோம் என்று நினைவில்லை.

அந்தக் கடை இப்போது இல்லை, செல்ஃபோன் கடையாகிவிட்டது. ஐயருக்கு மாற்றலாகி ஐயரம்மாவும் போய்விட்டார். எந்த இங்கிலீஷையும் இன்றைக்கு ஃபோனே தமிழாக்கிவிடுகிறது, என்னைப் போன்றவனுக்கு வேலை இல்லை. போன மழைக்காலம் முடிந்து ஒருநாள் கல்லறைத் தோட்டத்து வழியாகப் போனேன். எதற்கென்று தெரியாமலே உள்ளே நுழைந்து, பிள்ளைகளை அடக்கம் செய்கிற மூலையைத் தேடிப் பார்த்தேன். சிமெண்ட் கட்டியவை நிற்கின்றன. கட்டாமல் விட்ட சின்ன மேடுகள் எல்லாம் மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிட்டன. எது பியூலாவுடையது என்று சொல்ல அங்கே இப்போது ஆள் இல்லை.