கால்வாய்க்கு வந்த விருந்தாளிகள்

எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்குச் சொந்தக்காரர்கள் அதிகம். அதனால்தான் அது அநாதையாகக் கிடக்கிறது. வேலியிலிருந்து வளைவு வரைக்கும் நகராண்மையைச் சேர்ந்தது. வளைவுக்கு அப்பால் வடிகால் இலாகா. சாலைக்கு அடியில் போகும் குழாய் சாலை இலாகாவினுடையது. அதைத் தாண்டினால் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் நிலம். இந்த எல்லைகளெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். தண்ணீருக்கு மட்டும் தெரியாது. கனத்த மழை பெய்தால் அந்தக் குறுகிய குழாயில் முட்டி, வந்த வழியே திரும்பி, எங்கள் கீழ்மாடி வீடுகளுக்குள் நுழைந்துவிடும்.

நானும் அக்காவும் கீழ்மாடியில்தான் இருந்தோம். சர்க்கரை நோயால் அக்காவுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களுக்குக் கீழ்மாடி வீடு கொடுப்பது வழக்கம். கருணையோடு கொடுத்த வீட்டைக் கால்வாய்க்குப் பக்கத்தில் கொடுத்துவிட்டார்கள். அக்கா அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. காலையில் வாசலில் நாற்காலியை நிறுத்தினாளென்றால் அந்த நடைபாதை முழுக்க அவள் ராஜ்ஜியம். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் பிள்ளைக்கு எங்கே வேலை, எல்லாம் அவளைக் கேட்டால் போதும்.

ஒரு முறை நான் வேலையில் இருந்தபோது தண்ணீர் வந்துவிட்டது. தனியார் மருத்துவமனை ஒன்றில் பதிவுப் பிரிவில் இருக்கிறேன், முறை வேலை. மேல்வீட்டுச் சீனக் குடும்பத்தார்தான் ஓடிவந்து அக்காவைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் பதறி அடித்துக்கொண்டு வந்தால், அவள் மேசைமேல் இருந்தபடி, "கொலு வச்ச மாதிரி இருக்கேன் பாரு" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோலாலம்பூரில் இருக்கும் அவள் மகனுக்கும் வரவில்லை. "சின்னம்மா, இன்னொரு தடவ தண்ணி ஏறுச்சுன்னா அம்மாவ ஹோம்ல விட்டுருவேன். நீங்க வேலைக்குப் போயிடுவீங்க. என் வீடு மூணாவது மாடி, லிஃப்டும் இல்ல. நான் வேற என்னதான் பண்றது?" என்றான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆண்டுக் கடைசி மழைக்குள் அந்தக் குழாயைப் பெரிதாக்க வைத்துவிடுகிறேன், அதுவரை பொறு என்று கெஞ்சினேன். அக்கா அந்த வீட்டில் இருப்பதும் போவதும் அந்தக் குழாயில் வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் நகராண்மையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நம் பெண்தான், சின்ன வயது, சுறுசுறுப்பு. ஒரே இலாகாவால் தீராத சிக்கல்களுக்கு எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது அவளுடைய வேலை. இலாகாக்கள், ஒரு தனியார் கல்லூரி, ஒரு தொழிற்சாலை, குடியிருப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்த கூட்டுத் திட்டம். "ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான்க்கா. தனித்தனியா இழுத்தா நகராது" என்றாள். நான் நம்பினேன். ரொம்பவே நம்பினேன். அவள் வீடு வீடாக ஏறி இறங்கியதைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

கூட்டங்கள் சமூக மண்டபத்தில் நடந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வோர் இலாகாவும் ஒரு புது ஆளை அனுப்பும். அவர் தன்னை அறிமுகம் செய்துகொள்வார், நாங்கள் முதலிலிருந்து கதை சொல்வோம், மேலதிகாரியிடம் தெரிவிக்கிறேன் என்பார், பிறகு கரிப்பாப் பலகாரமும் தேநீரும். வீட்டுக்கு வந்தால் அக்கா கேட்பாள்: "இன்னிக்குத் தேரு எதுவரைக்கும் நகந்துச்சு?"

"கரிப்பாப் வரைக்கும்" என்பேன்.

கடைசியில் அந்தப் பெண் ஒரு பெரிய காரியம் செய்தாள். எல்லா இலாகாப் பொறுப்பாளர்களையும் ஒரே நாளில் கால்வாயை நேரில் பார்க்க வரச் சம்மதிக்க வைத்துவிட்டாள். கூட டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகரும் வருகிறார். கண்ணால் பார்த்துவிட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் எங்கள் குடியிருப்புத் தலைவருக்கு மானம் விழித்துக்கொண்டது. அவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். ஆட்களைக் கூட்டி, வருகைக்கு முதல்நாள் எல்லாரும் கூடிச் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங், எல்லாரும் துடைப்பத்தோடு வந்துவிட வேண்டும் என்றார்.

"அண்ணே, அவங்க பாக்க வர்றதே குழாய் வாயில தேங்கி நிக்கிற அந்தக் குப்பையையும் சேத்தையும்தான். அத நாமளே அள்ளிட்டா அவங்க எதப் பாப்பாங்க?" என்றேன்.

"தங்கச்சி, பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்கலா. இந்த லோங்காங் கால்வாய இப்படியே காட்டினா என்னா நெனப்பாங்க? தமிழன் இருக்கிற இடம்னாலே இப்படித்தான்னு பேசமாட்டாங்க?"

"டாக்டர்கிட்ட போறவன் நோய வீட்டுல வச்சிட்டா போவான்?"

"உனக்குப் பேச நல்லா வருது. மானம் போனா நீயா வாங்கித் தருவே?" என்றார். கூட்டம் கை தட்டியது. அவருக்குத்தான்.

அந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் வலி எனக்குத் தெரியாதது அல்ல. பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும் மூக்கைச் சுளிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வீடு தேடி யாராவது வந்தால் முதலில் கூட்டிப் பெருக்குவோம், பிறகுதான் கதவைத் திறப்போம். அது எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஆனாலும், வெள்ளத்தைப் பார்க்க வருகிறவனுக்கும் வீட்டைப் பெருக்கிக் காட்டும் சனம் உலகத்தில் வேறு எங்கும் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வேலையில் இருந்த நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்தது. மெத்தை, உடைந்த ஐஸ்பெட்டி, புல், சேறு, ஒன்றும் மிச்சமில்லை. மாலையில் கதவைத் திறந்தபோது சாய வாடை. உள்ளே சுவர் பளபளவென்று இருந்தது. நாற்காலியின் கைப்பிடி உயரத்துக்குச் சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு இருந்ததே, தண்ணீர் ஏறி நின்ற கோடு, அதைக் காணோம்.

"யாரு இத அடிச்சது?"

"நான்தான் அடிக்கச் சொன்னேன். வீட்டுக்குள்ள வந்து பாப்பாங்களாம்ல? செவத்துல கறையோட எப்படி உக்கார வைக்கிறது?"

"அந்தக் கறைதான்க்கா நமக்குச் சாட்சி! அத வச்சுத்தானே பேசணும்?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கறையக் காட்டித்தான் பொழைக்கணுமாடி?"

நான் கத்தினேன். அவளிடம் அதற்கு முன் அப்படிக் கத்தியதில்லை. அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய், மறுநாளைக்கு வேண்டிய கண்ணாடித் தம்ளர்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் நல்ல வெயில். ஒரு கூட்டமே வந்தது. கால்வாயில் கணுக்கால் அளவு தண்ணீர், அடித்தளம் தெரிய ஓடியது. எட்டிப் பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். சுத்தமாக இருக்கிறது என்று டத்தோ பாராட்டினார், எங்கள் தலைவர் பூரித்துப்போனார். பிறகு நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். வடிகால் இலாகா அதிகாரி, தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று என்னிடம் மலாயில் கேட்டார். நான் சுவரில் கையை வைத்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார். நான் மேலே சொல்வதற்குள் அக்கா குறுக்கே புகுந்து, கொஞ்சம்தான் வரும் ஐயா, பரவாயில்லை, முதலில் தண்ணீர் குடியுங்கள் என்று மலாயில் உபசாரம் செய்தாள். எல்லாருக்கும் ரோஜாப் பாகு கலந்த தண்ணீர். எல்லாரும் சிரித்தபடி குடித்தார்கள். நகராண்மைப் பெண் மட்டும் தம்ளரைத் தொடவில்லை.

சில வாரம் கழித்து அவள் வந்து முடிவைச் சொன்னாள். கல்லூரி மாணவர்கள் கால்வாய்ச் சுவரில் ஓவியம் வரைவார்கள். தொழிற்சாலை மறுசுழற்சித் தொட்டிகளும் டீ-சட்டைகளும் தரும். மூலிகைத் தோட்டம் ஒன்று வரும். குழாய்?

"அது ரெண்டாவது கட்டத்துல பாக்கலாம்னு சொல்லிட்டாங்கக்கா. எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்டது இது மட்டும்தான்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஒரு மேசையைச் சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் தன்னை நோகவைக்கும் ஒன்றைப் பக்குவமாக மேசையிலிருந்து எடுத்துவிடுகிறார். சாலையைத் தோண்ட ஒருவருக்கு மனமில்லை, நிலத்தைத் தர ஒருவருக்கு மனமில்லை. எல்லாம் போக மேசையில் மிஞ்சுவது யாருக்கும் வலிக்காத பொருள். எங்களுக்கு மிஞ்சியது பெயின்ட். தேர் நின்ற இடத்திலேயே நிற்க, அதற்கு வர்ணம் அடித்துவிட்டுக் கலைந்து போனார்கள். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. பிறகு அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மாதிரிக் குடியிருப்பு என்று எங்களுக்கு ஒரு பலகை வந்தது.

ஆண்டுக் கடைசியில் மழையும் வந்தது. அன்று நான் வீட்டில் இருந்தேன், அதுவரைக்கும் புண்ணியம். அக்காவை மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், வெள்ளைச் சுவரில் கோடு இன்னும் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. மகன் மறுநாளே காரில் வந்தான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் உட்கார்ந்து அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தான். தலைவர் வெளியே சேற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார். கார் போகும்வரை அவர் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ.

கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு முதியோர் இல்லம். விடுமுறை நாட்களில் ஃபெரி ஏறிப் போகிறேன். வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அது அங்கே விதி. போன வாரம் போனபோது அக்கா தலை சீவி, பவுடர் போட்டு, நல்ல சேலையில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலிருந்து கீழே ஒரு புதுப் போர்வை, சுருக்கமே இல்லாமல்.

"நல்லா பாத்துக்கிறாங்களா?"

"எனக்கு என்னா கொறச்சல்? நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மருந்து. நீ சாப்பிட்டியா?" பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், "இதுதான் என் தங்கச்சி, ஆஸ்பத்திரியில வேலை" என்று பெருமையாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்குப் புண்ணின் வாடை தெரியாதா? பவுடர் வாசத்துக்கு அடியிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது. நான் குனிந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

"விடுடி" என்றாள். "நீ வர்றேன்னுதான் இப்ப இதெல்லாம் சரி பண்ணி வச்சேன்."