டிரம்ஸ்காரன் இல்லாத ஆல்பம்

என் கணவருக்குக் கடவுள் தொண்டை வைக்கவில்லை, ஒலிபெருக்கி வைத்திருக்கிறார். இருவருக்கும் சொந்த ஊர் குளச்சல் பக்கத்துக் கடற்கரைதான். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் குரலை அடக்கப் பழகிவிட்டேன். அவர் ஏசி டெக்னீஷியன். கம்ப்ரஸர் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவர். குவைத்தில், ஃபஹாஹீலில் எங்கள் ஃபிளாட்டில் அவர் உப்பு கேட்டால் லிஃப்ட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மேல்மாடிக்காரர் புகார் சொல்லி, பில்டிங் காவலாளியான ஹாரிஸ் எங்கள் கதவைத் தட்டியது பல முறை.

மாதா கோவிலில் தமிழ்ப் பாடகர் குழுவில் சேர்ந்தபோது முதல் வரிசையில் நின்றார். குழுவை நடத்தும் மாஸ்டர் தூத்துக்குடிக்காரர், மரியாதை தெரிந்தவர். "அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால நின்னுக்கிடுங்க" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் பின்னால். கடைசியில் வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்து, "இதுதான் முக்கியமான வேல" என்றும் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து மீன்குழம்பைத் தொடாமல் படுத்துக்கொண்டார். மீன்குழம்பை மறுக்கிற ஆள் அல்ல. எனக்கே பாவமாகிவிட்டது. பெரிய வெள்ளிக்குள் எப்படியாவது குழுவில் திரும்ப நின்றுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் போனில் ஓர் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினாள். பாடியவர் இவருடைய இளவயது நாயகன். நாகர்கோவிலில் கேசட் வாங்கித் தேயத் தேயக் கேட்ட வெள்ளைக்கார பாப் பாடகர். மைதானம் அதிரக் கத்துகிறவர். அவர் இப்போது நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலப் பாட்டுகளை எடுத்து, லூட் என்ற வாத்தியத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடியிருந்தார். படத்தில் பார்த்தால் இங்கே சூக் என்கிற கடைத்தெருவில் தொங்கும் ஊத் என்ற அரபு வாத்தியத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது, பானையைப் பாதியாகப் பிளந்து கம்பி கட்டியது போல.

இவர் முதல் பாட்டு முடியும்வரை காத்திருந்தார். "டிரம்ஸ்காரன் லீவுல போயிருக்கானோ?" என்று கேட்டார். இரண்டாவது பாட்டிலும் டிரம்ஸ்காரன் டூட்டிக்குத் திரும்பவில்லை. "இவனுக்கும் வயசாயிட்டு" என்று எழுந்து போய்விட்டார்.

ஆனால் கம்பெனி வேனில் சைட்டுக்குச் சைட் போகும்போது அதையே போட்டிருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து என்னிடம், "கேட்டியா, இவன் சத்தம் போடாமலே ஆளக் கேக்க வைக்கான்" என்றார். மெதுவாகப் பாடவும் ஆரம்பித்தார். முதல் முறை குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது, வயிற்றுவலி என்று நினைத்துத் தண்ணீரும் மாத்திரையுமாக ஓடினேன். அவர் கோபித்துக்கொண்டு மாத்திரையை வாங்காமல் கதவைச் சாத்தினார்.

எங்கள் பக்கத் தமிழ்க் குடும்பங்கள் தவக்காலத்தில் வீடு வீடாகக் கூடிச் செபிப்பது வழக்கம். அன்பியக் கூட்டம் என்போம். கூட்டம் யார் வீட்டிலோ அந்த வீட்டுக்காரர்தான் கடைசிப் பாட்டைப் பாட வேண்டும். எங்கள் முறை வந்தது. மாஸ்டரும் வருவார். அவர் முன்னால் பாடிக் காட்ட இதைவிட்டால் வேறு வழி ஏது? இவர் அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தார். அதில் அவருக்குப் புரிந்த வார்த்தைகள் கண்ணீர், துயரம், இருட்டு, சாவு. தவக்காலத்துக்கு இன்னும் என்ன வேண்டும் என்று முடிவு செய்து, அதே மெட்டில் சிலுவையடியில் மாதா அழுவதாகத் தமிழ் வரிகளைப் போட்டார். ஆங்கிலத்திலேயே கனவு காண்கிற பிள்ளை வீட்டில் இருக்க, அவளிடம் அர்த்தம் கேட்கவில்லை. அப்பா என்ற கௌரவம் குறுக்கே நின்றது.

கூட்டத்தன்று ஏசியை நிறுத்திவிட்டுப் பாடினார். அப்படியொரு குரல் அந்த உடம்புக்குள் இருந்தது எனக்கே தெரியாது. என்னோடு வேலை செய்யும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாஸ்டர் கண்ணை மூடியே இருந்தார். முடிந்ததும், "அண்ணாச்சி, இது எந்த ஊர் ஒப்பாரி மெட்டு?" என்று கேட்டார்.

மகள் முந்திக்கொண்டாள். "அங்கிள், அது லவ் சாங். ஒரு லேடி அவரைத் திரும்பிப் பாக்கவே மாட்டா. அதுக்குத்தான் அவ்ளோ க்ரையிங்."

என் கணவருக்குக் காது சிவந்துவிட்டது. நான் டீ போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் ஓடி, பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வெளியே மாஸ்டர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "அழுக அழுகதான், அண்ணாச்சி. பெரிய வெள்ளிக்கு இதையே குழுவாப் படிப்போம். நீங்க முத வரிசைக்கு வாங்க. பாப்பா, நீ மட்டும் சாமியார்ட்ட ஒண்ணும் சொல்லிராத."

பெரிய வெள்ளியன்று எனக்கு டூட்டி. மாலையில் மகள் கோவிலிலிருந்து வீடியோ கால் போட்டாள். மருந்து அறைக்குள் நின்று போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். மெட்டு வந்தது, மாதா அழுதாள், குழு முழுக்க ஒரே குரலாகப் பாடியது. அதில் அவருடைய குரல் எது என்று தேடினேன். எவ்வளவு பெரிய திருவிழாக் கூட்டத்திலும் அவர் இருக்கும் திசையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அன்று தெரியவில்லை. மாஸ்டர் கேட்டதும் அதுதான், இவர் ஆசைப்பட்டதும் அதுதான். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமாக "மெதுவா, மெதுவா" என்று அந்த மனுஷனை அதட்டியவளும் நானேதான்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். அதையும் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒங்க சத்தம் கேக்கவே இல்ல. இப்ப படிங்க, பழைய மாதிரி."

"ஹாரிஸ் வருவான் பிள்ளே."

"வரட்டும். வந்தா அவனையும் உக்காரவச்சுக் கஞ்சி குடுப்போம்."

மூச்சை இழுத்து ஆரம்பித்தார். அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஆடின. மேல்மாடியில் யாரோ தரையைத் தட்டினார்கள். அப்போதுதான் அந்த மனுஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாக எனக்குப் பட்டது.